சிலுவையில் தொங்கிய பூணூல்

“மேனாட்டார் காட்டிய ஏசு போதும், கீழ்த்திசைக் கண்கொண்டு அவரைக் காண்போம்” என்று சமயவாணர் பலர் பேசுகின்றனர். நல்ல பேச்சு! பொன்னிற முடியோடும் நீலக் கண்ணோடும் படங்களிலே காட்சி தரும் அவர், ஆசியாவிலே, பாலத்தீனத்திலே தச்சர் வீட்டிலே வளர்ந்தவர். வெள்ளைத் தோல் ஐரோப்பியர் போர்த்தியது. அதனை உரித்தெறிவதிலே நமக்கு மறுப்பில்லை. கடவுள் என்று ஏற்காத நாம், மனிதர் என்று அவரை மதிக்கத் தடையுமில்லை.

ஆனால், தோழர்களே, ஐரோப்பியச் சட்டையைக் கழற்றியவர்கள் அடுத்து எதை அணிவித்தார்கள்?

1606-இல் மதுரைக்கு வந்தார் இத்தாலியப் பாதிரியார் இராபர்ட் தெ நொபிலி. தத்துவ போதகர் என்று பெயர் பூண்டார். தமிழ் கற்றார், உரைநடை நூல்கள் யாத்தார். அந்தத் தொண்டை மறைப்பது நமக்கு அழகன்று. எனினும், அவர் கண்ட ‘இந்நாட்டுப் பண்பாடு’ எது? காவி உடை, கட்டைமிதியடி, மரக்கறி உணவு, பார்ப்பனச் சமையற்காரர், மார்பிலே பூணூல்! பரதவர் தொழுத கோயிலை விட்டு விலகித் தனிக் கோயில் எழுப்பினார். பூணூலும் குடுமியும் கிறித்தவருக்கு ஆகுமா என்ற வழக்கு உரோமாபுரிக்கே சென்றது. 1623-இல் போப்பாண்டவர் பதினைந்தாம் கிரகோரி, சில நிபந்தனைகளோடு, ஆகும் என்றார். 1640 முதல் தாழ்த்தப்பட்டோருக்கெனப் பண்டாரசாமிகள் என்ற வேறு வகைத் துறவிகள் வந்தனர். ஒரே ஏசு, இரண்டு வாசல்!

சாதி என்பது சமுதாய வழக்கம், சமயத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை என்பது நொபிலியின் வாதம். அவர் போற்றிய நூலிலேயே அதற்கு மறுப்பு இருக்கிறது. சமாரியப் பெண்ணொருத்தியிடம், கிணற்றடியிலே, தண்ணீர் கேட்கிறார் ஏசு. யூதர் தீண்டாத இனத்தவள் அவள்! அதுவும் சமுதாய வழக்கந்தானே? அதை மதித்து அவர் தாகத்தோடு திரும்பினாரா?

விதைத்தது வீண் போகவில்லை. நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்திலே 1872-இல் எழுந்த கோயிலில், வேளாளர் ஒரு கூடத்தில், நாடாரும் பிறரும் மறு கூடத்தில்! நடுவிலிருந்த தடுப்பு 1910-இல் அகற்றப்பட்டபோது, அதனை மீட்க நீதிமன்றம் ஏறினர் ‘விசுவாசிகள்’.

பிறகாவது பாடம் கற்றனரா? 1950-இல் குளித்தலைக்கு அருகே, காவிரிக் கரையிலே, பிரெஞ்சுத் துறவியர் இருவர் ஆசிரமம் கண்டனர். பெயர் சச்சிதானந்தம், தேடியது வேதாந்தம். அவர்தம் எளிமையையோ நேர்மையையோ நாம் ஐயுறவில்லை. ஆயினும் தமிழர் நடுவே வந்தமர்ந்தவர்க்கு, இந்நாட்டு மெய்யறிவு என்றதும் உபநிடதந்தான் முன்னே வந்து நின்றது. குறளும் சித்தர் பாட்டும் பிறந்த மண்ணிலே!

1980-களிலே அரவிந்த் நிர்மல் போன்ற இறையியலார், ஏசுவே ஒரு தலித் என்று எழுதினர். பூணூல் அணியாத முதற் பார்வைகளுள் ஒன்று அது. பல்சமய உரையாடலுக்கு மேடை போடும் பெரியோர், மடாதிபதிக்கும் வேதாந்திக்கும் நாற்காலி இடுமுன், அந்தப் பார்வைக்குரியோரை அழைக்கட்டும். கடவுளே இல்லை என்னும் நமக்கும் ஒரு பலகை போடட்டும்; கேட்க நிறையக் கேள்விகள் வைத்திருக்கிறோம்.