அமைதி இருக்கிறது, அக்கம்பக்கம் இருக்கிறதா?

சொந்த வீடு இருக்கிறது. வாசலில் வேப்ப மரம் நிற்கிறது. நடந்து போகும் தூரத்தில் பள்ளிக்கூடம். பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் பெரிய ஆஸ்பத்திரி. இரவு 9 மணிக்கு மேல் தெருவில் சத்தம் கிடையாது.

ஒரு குடும்பத்துக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

பாளையங்கோட்டையில் ஒரு வீடு வேண்டும் என்பது நெல்லைச் சீமையில் பலருடைய ஆசை. வாத்தியார் வேலை பார்த்தவர், சர்க்கார் ஆபீசில் இருந்தவர், வெளிநாட்டில் சம்பாதித்தவர் எல்லோருக்கும் இந்த ஆசை உண்டு.

ஆசையில் தவறு இல்லை. ஆனால், அந்த அமைதியான தெருவில் ஒரு குறை மெல்ல வளர்ந்து வருகிறது. அதைக் கவனிக்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

ஆற்றுக்கு அக்கரை

தாமிரபரணிக்கு மேற்கே திருநெல்வேலி. கிழக்கே பாளையங்கோட்டை. ஒரு காலத்தில் இங்கே கோட்டை இருந்தது. கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையை வெள்ளையர் இங்கேதான் சிறை வைத்தார்கள். 1801-ல் அவர் தப்பிச் சென்றார்.

இரண்டு ஊருக்கும் நடுவே அன்று பாலம் கிடையாது. ஆற்றில் வெள்ளம் வந்தால் மக்கள் தவித்தார்கள். கலெக்டர் ஆபீசில் வேலை பார்த்த சுலோசன முதலியார் இதைக் கண்டு மனம் வருந்தினார். தம் சொந்தப் பணத்தைச் செலவு செய்து பாலம் கட்டினார். 1843-ல் பாலம் திறக்கப்பட்டது. இன்றும் அது அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

பிறகு கல்வி வளர்ந்தது. 1878-ல் தூய யோவான் கல்லூரி. 1923-ல் தூய சவேரியார் கல்லூரி. கண் தெரியாத குழந்தைகளுக்கும் காது கேளாத குழந்தைகளுக்கும் 19-ம் நூற்றாண்டிலேயே இங்கு பள்ளிகள் ஏற்பட்டன.

பள்ளியைத் தேடிக் குடும்பங்கள் வந்தன. பெருமாள்புரம், மகாராஜ நகர், தியாகராஜ நகர், என்.ஜி.ஓ. காலனி என்று ஊர் விரிந்தது. தனி நகராட்சியாக இருந்த பாளையங்கோட்டை 1994-ல் திருநெல்வேலி மாநகராட்சியுடன் சேர்ந்தது.

அயர்லாந்தில் ஒரு பாளையங்கோட்டை

அயர்லாந்து நாட்டுக்கும் நெல்லைக்கும் பழைய தொடர்பு உண்டு. திருநெல்வேலிச் சீமையின் சரித்திரத்தை 1881-ல் ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்ட கால்டுவெல் பாதிரியார், அயர்லாந்தில் பிறந்தவர்.

அந்த நாட்டின் தலைநகர் டப்ளின். நகரத்தின் தெற்கே ஒரு கால்வாய் ஓடுகிறது. அதைத் தாண்டினால் ராத்மைன்ஸ் என்ற ஊர். 1847-ல் அது தனி நகராட்சி ஆனது. 1930-ல் டப்ளினுடன் சேர்ந்தது. பாளையங்கோட்டையின் கதையைப் போலவே இருக்கிறது அல்லவா?

இப்படிப்பட்ட புறநகர்கள் டப்ளினைச் சுற்றிப் பல உண்டு. வரிசையாக வீடுகள். வீட்டு முன்னால் சிறு தோட்டம். பார்க்க அழகு. வாழ வசதி.

ஆனால், அந்த நகரத்தில் வில்லி பெர்மிங்காம் என்று ஒரு தீயணைப்பு வீரர் இருந்தார். வேலைக்குப் போன இடங்களில் அவர் கண்ட காட்சி அவரைக் கலக்கியது. முதியவர்கள் வீட்டில் தனியாகச் செத்துக் கிடந்தார்கள். கவனிக்க ஆள் இல்லை.

சுற்றிலும் வீடுகள். சுற்றிலும் மனிதர்கள். இருந்தும் யாருக்கும் தெரியவில்லை!

பெர்மிங்காம் சும்மா இருக்கவில்லை. முதியவர்களுக்கு உதவ 1977-ல் ஓர் அமைப்பைத் தொடங்கினார். அதற்கு அவர் வைத்த பெயர் "அலோன்". "தனியாக" என்று பொருள். அந்த அமைப்பு இன்றும் வேலை செய்கிறது.

இது எங்கோ நடந்த கதை என்று நினைக்க வேண்டாம்.

பூட்டிய கேட்

நம் புறநகர்த் தெரு ஒன்றை நினைத்துப் பாருங்கள். மகன் அமெரிக்காவில். மகள் சென்னையில். பெரிய வீட்டில் தாத்தாவும் ஆச்சியும் மட்டும்.

தினமும் மகன் செல்போனில் முகம் காட்டுகிறான். பேரன் கை அசைக்கிறான். சந்தோஷம்தான். ஆனால், குளியல் அறையில் ஆச்சி வழுக்கி விழுந்தால், அந்தக் கை எட்டுமா? அடுத்த வீட்டுக் கைதான் எட்டும்.

அடுத்த வீட்டிலோ கணவனும் மனைவியும் வேலைக்குப் போகிறார்கள். காலையில் கேட்டைப் பூட்டினால் இரவில்தான் திறக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் பெயரே தெரியாது!

அவர்களைக் குறை சொல்லிப் பயன் இல்லை. அவர்களுக்கும் வேலை, கடன், பிள்ளைகளின் படிப்பு என்று ஆயிரம் கவலை.

வளவு வாழ்க்கை

நெல்லை டவுனில் முன்பு வளவு வீடுகள் அதிகம். நடுவே ஒரு முற்றம். சுற்றிலும் சிறு சிறு வீடுகள். எல்லோருக்கும் பொதுவாக ஒரு கிணறு.

"மதினி, கொஞ்சம் புளி இருக்கா?" என்று ஒரு குரல் கேட்கும். "ஆச்சி, காய்ச்சல் விட்டுட்டா?" என்று இன்னொரு குரல் கேட்கும். யாராவது காலையில் கதவைத் திறக்காவிட்டால், பத்து நிமிடத்தில் நாலு பேர் வந்து தட்டுவார்கள்.

அதற்காக வளவு சொர்க்கமாக இருந்தது என்று சொல்ல முடியாது. கிணற்றடிச் சண்டை உண்டு. வம்புப் பேச்சு உண்டு. சாதி பார்த்தே வாடகைக்கு விட்டார்கள். ஒரு பெண் எப்போது போகிறாள், எப்போது வருகிறாள் என்று பத்துக் கண்கள் பார்த்தன.

புறநகரில் அந்தத் தொல்லை குறைவு. பல சாதியாரும் பல மதத்தாரும் ஒரே தெருவில் குடியிருக்கிறார்கள். இது பெரிய முன்னேற்றம். இதை விட்டுக் கொடுக்கக் கூடாது.

ஆகவே, வளவுக்குத் திரும்ப வேண்டியது இல்லை. அங்கே இருந்த விசாரிப்பை மட்டும் புதுத் தெருவுக்குக் கொண்டு வந்தால் போதும்.

வெள்ளம் சொன்ன பாடம்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் பேய் மழை கொட்டியது. தாமிரபரணி கரை புரண்டது. வீடுகளில் தண்ணீர் புகுந்தது. பல இடங்களில் மின்சாரம் நின்றது. செல்போனும் வேலை செய்யவில்லை.

செல்போன் ஊமையானால் வெளிநாட்டு மகனுக்கு எப்படிச் சேதி சொல்வது? அப்போது கதவைத் தட்டி, "அண்ணாச்சி, மாடிக்கு வாங்க" என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் பக்கத்து வீட்டுக்காரர்தான்.

ஆபத்து வந்த பிறகு அறிமுகம் செய்துகொள்ள நேரம் இருக்காது. பழக்கம் முன்பே இருக்க வேண்டும்.

என்ன செய்யலாம்?

பெரிய செலவு வேண்டாம். நாலு காரியம் போதும்.

முதலாவது: ஒவ்வொரு தெருவிலும் தனியாக இருக்கும் முதியவர்களின் பட்டியல் வேண்டும். அவர்கள் பெயர், பிள்ளைகளின் போன் நம்பர், பார்க்கும் டாக்டர் பெயர் அதில் இருக்கட்டும். இரண்டு வீட்டார் பொறுப்பாக வைத்துக்கொள்ளட்டும்.

இரண்டாவது: தினமும் ஒரு விசாரிப்பு. உழவர் சந்தைக்குப் போகும்போது, "ஆச்சி, காய் ஏதாவது வேணுமா?" என்று கேட்க அரை நிமிடம் ஆகாது.

மூன்றாவது: வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் பெற்றோருடன் மட்டும் பேசினால் போதாது. பக்கத்து வீட்டாருடனும் பேசிப் பழக வேண்டும்.

நான்காவது: முதியவர்களுக்கான 14567 என்ற உதவி எண்ணை ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் பெரிதாக எழுதி வைக்க வேண்டும். பணம் கொடுக்காமல் பேசலாம்.

பெற்றோரைப் பிள்ளைகள் கவனிக்க வேண்டும் என்று 2007-ல் சட்டமே வந்துவிட்டது. சட்டம் சோறு வாங்கித் தரும். "சாப்பிட்டீர்களா?" என்று கேட்க, மனிதர்தான் வேண்டும்.

ஆற்றைத் தாண்ட அன்று ஒரு பாலம் தேவைப்பட்டது. சுலோசன முதலியார் தம் கைப் பணத்தைக் கொட்டிக் கட்டினார். இன்று இரண்டு வீட்டுக்கும் நடுவே இருப்பது ஐந்தடிச் சுவர்தான். அதைத் தாண்டக் காசு வேண்டாம்.

நாளைக் காலையில் கேட்டைத் திறக்கும்போது, பக்கத்து வீட்டைப் பார்த்து ஒரு வார்த்தை கேளுங்கள். அது போதும்.