சிறு பள்ளியும் தாய்மொழியும்

யப்பான் நாட்டின் துறைமுகப் பட்டினமாகிய கோபே 1868ஆம் ஆண்டில் பிறநாட்டு வணிகருக்குத் திறந்துவிடப்பட்டது. அன்று தொட்டுப் பல தேசத்தவரும் அங்கே குடியேறி வாழ்ந்து வரலாயினர். 1945ஆம் ஆண்டு மார்ச், யூன் மாதங்களில் விமானங்கள் பொழிந்த குண்டுமாரியால் அந்நகரின் பெரும்பகுதி சாம்பராயிற்று.

அடுத்த ஆண்டிலேயே, ஆங்கிலத் திருச்சபைத் தொண்டரான லியோனோரா லீ அம்மையார் அங்கே சிறிய பள்ளி ஒன்றை நிறுவினார். வீடும் உணவும் தேடி மக்கள் அலைந்த காலத்திலே பள்ளிக்கூடம் எதற்கு என்று சிலர் வினவக்கூடும். குழந்தைப் பருவமோ நகரம் கட்டி முடியும் வரை காத்து நிற்பதில்லை.

புனித மிக்கேல் சர்வதேசப் பாடசாலை என்னும் அப்பள்ளியிலே 3 வயது முதல் 11 வயது வரையுள்ள பல நாட்டுச் சிறுவர் ஆங்கிலத்திற் கற்கின்றனர். நிறத்தாலும் சமயத்தாலும் வேறுபட்ட பிள்ளைகள் இளமையிலேயே கூடிப் பழகுதல் பெரும்பேறாகும். ஆயினும் சிந்தித்தற்குரியது ஒன்றுண்டு. அத்தகைய பள்ளி எல்லார்க்கும் பொதுவான மொழியொன்றைக் கற்பிக்கலாம். ஒவ்வொரு பிள்ளையின் தாய்மொழியையும் கற்பித்தல் அதற்கு இயலுவதன்று. அக்கடன் வீட்டைச் சார்ந்தது.

பிறநாட்டிலே பிள்ளைகளை வளர்க்கும் பெற்றோர் இதனை நெஞ்சிற் கொள்வாராக. உண்ணும் வேளையிலும் உறங்கும் வேளையிலும் தாய்மொழி ஒலியாத வீட்டிலே, பாட்டி எழுதும் கடிதத்தைப் பேரன் எங்ஙனம் படிப்பான்?