பைத்தியத்தின் வாய்

நம் சிறுகதைகளில் வரும் பைத்தியக்காரனுக்கென்று ஒரு வாய் உண்டு. ஒன்றுமில்லாமலே மென்றுகொண்டிருக்கும். நாக்கு வெளியே வந்து வந்து போகும். கால்கள் திண்ணைக்கும் தெருவுக்குமாக ஓயாமல் நடக்கும். இதைச் 'சிதைந்த பிரக்ஞையின் உக்கிரமான படிமம்' என்று சிலாகிக்க விமர்சகர்களும் தயார். படிமமாவது மண்ணாவது. இவர்கள் பெரும்பாலும் பார்த்தது பைத்தியத்தை அல்ல, மருந்தை.

1952இல் பாரிஸில் டிலேயும் டெனிக்கரும் குளோர்ப்ரோமஸினை மனநோய்க்குக் கொடுத்தார்கள். 1958இல் பெல்ஜியத்தில் ஹாலோபெரிடால் வந்தது. இவை மூளையில் டோபமைனின் வேலையைத் தடுக்கின்றன. குரல்கள் அடங்குவதும் அதனால்தான், உடம்பு விறைப்பதும் நடுங்குவதும் அதனால்தான். வருஷக்கணக்கில் சாப்பிட்டவர்களுக்கு வரும் வாயசைவுக்கு 1964லேயே டார்டிவ் டிஸ்கைனீஸியா என்று பெயர் வைத்தாகிவிட்டது. (மருந்து வருமுன்பே சில நோயாளிகளிடம் விநோத அசைவுகளைக் க்ரேப்லின் குறித்திருக்கிறாரே என்று யாராவது கடிதம் எழுதுவார்கள். வாஸ்தவம். அதைப் படித்துவிட்டா நம்மவர்கள் கதை எழுதினார்கள்?)

உட்கார முடியாத அவஸ்தைக்குப் பெயர் அகதீஸியா. அந்தக் கிரேக்கச் சொல்லின் அர்த்தமே உட்காராமைதான். நடையை நோயின் வெறி என்று வீட்டார் எடுத்துக்கொள்கிறார்கள். சில டாக்டர்களும் அப்படித்தான். மருந்தைக் கூட்டுகிறார்கள், நடை இன்னும் மூர்க்கமாகிறது. டாக்டர் யோசிக்க வேண்டியது நேர் எதிரானதை: அளவைக் குறைக்கலாமா, மருந்தை மாற்றலாமா, ப்ரொப்ரனலால் கொடுத்துப் பார்க்கலாமா. நடுக்கத்துக்கும் விறைப்புக்கும் உதவுகிற ட்ரைஹெக்ஸிஃபெனிடில், வாயசைவை அதிகமாக்கக்கூடும். வாயசைவுக்கு டெட்ராபெனஸின் இருக்கிறது. அதே வகையில் இரண்டு புதிய மருந்துகளுக்கு 2017இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. தானாக ஒரே நாளில் மாத்திரையை நிறுத்துவது பரிகாரமல்ல. அசைவு கூடலாம், குரல்களும் திரும்பலாம். 'மருந்து சிருஷ்டியைக் கொன்றுவிடும், தூக்கிப் போடு' என்று டீக்கடையில் உபதேசிக்கும் கவிகள் இதைக் காதில் போட்டுக்கொள்வது நல்லது.

என் கவுண்ட்டருக்கு வருகிற ஒருவரின் கையெழுத்து வருஷா வருஷம் சிறுத்துக்கொண்டே வந்தது. கடைசியில் மாதிரிக் கையெழுத்தோடு ஒத்துப்போகவில்லை என்று செக் திரும்பியது. 'முற்றிவிட்டது' என்றது ஆபீஸ். முற்றியது ஒன்றுமில்லை. மாத்திரை அவர் விரல்களை இறுக்கியிருந்தது. புதுக் கையெழுத்து வாங்கிப் பதிவுசெய்வது பத்து நிமிஷ வேலை.

ஏ.ஐ.எம்.எஸ். என்ற பரிசோதனைத் தாள் 1976இலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. வாயில் ஏதாவது வைத்திருக்கிறீர்களா என்று முதலில் கேட்கச் சொல்கிறது. பிறகு பல்லைப் பற்றி. பிறகு, இந்த அசைவுகள் உங்களுக்கே தெரிகின்றனவா, தொந்தரவு செய்கின்றனவா என்று. நம் கதைகளில் இதை அவனிடம் யார் கேட்டார்கள்?