மறுக்க முடியாத மாற்றாள்

1964 செப்டம்பர் 8ஆம் தேதி கனடாவின் மாண்ட்ரியல் நகரில் பீட்டில்ஸ் இசைக்குழு இரண்டு நிகழ்ச்சிகளை நடத்தியபோது, டிரம்ஸ் வாசித்த ரிங்கோ ஸ்டாருக்கு அருகில் சாதாரண உடையில் காவலர் ஒருவர் அமர்த்தப்பட்டிருந்தார். ரிங்கோவை யூதர் என்று கருதிய எவரோ கொலை மிரட்டல் விடுத்திருந்ததே அதற்குக் காரணம். உண்மையில் அவர் யூதர் அல்ல.

பிரபலங்களின் அடையாளம் குறித்த வதந்திகள் எல்லாமே இவ்வளவு ஆபத்தானவை அல்ல. 1969இல் அதே குழுவின் பால் மெக்கார்ட்னி பற்றிப் பரவிய கதை ஏறத்தாழ ஒரு விளையாட்டு. அவர் 1966இல் கார் விபத்தில் இறந்துவிட்டார், அவரைப் போன்ற தோற்றமுடைய ஒருவர் அவரது இடத்தில் அமர்த்தப்பட்டிருக்கிறார் என்பதே அக்கதை.

இதற்குக் காட்டப்பட்ட 'ஆதாரங்களில்' ஒன்று கனடாவைச் சேர்ந்தது. 1967இல் வெளியான இசைத்தட்டின் உறையில் மெக்கார்ட்னியின் சட்டைக் கையில் மூன்று எழுத்துகள் கொண்ட சின்னம் ஒன்று காணப்படுகிறது. 'இறந்தவராக அதிகாரபூர்வமாக அறிவிக்கப்பட்டவர்' என்பதன் சுருக்கம் அது என்றனர் ரசிகர்கள். உண்மையில் அது ஒன்டாரியோ மாகாணக் காவல்துறையின் சின்னம். கடைசி எழுத்து தவறாக வாசிக்கப்பட்டிருந்தது. மாண்ட்ரியலிலிருந்து டொரொண்டோவுக்குக் கார் ஓட்டிச் செல்பவர்களுக்கு மிகவும் பழக்கமான காவல்துறைதான் அது.

மாற்றாளுக்குப் பெயர் சூட்டியவர் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக மாணவர் ஃபிரெட் லபோர். மாணவர் நாளிதழில் எழுதிய இசைத்தட்டு விமர்சனத்தில் அவர் பல தடயங்களைத் தாமே கற்பனை செய்து சேர்த்தார். பின்னர் தொலைக்காட்சி 'விசாரணை' ஒன்றுக்கு அழைக்கப்பட்டபோது, எல்லாம் தம் கற்பனையே என்று அதை நடத்திய வழக்கறிஞரிடம் கூறியதாகவும், ஒரு மணி நேர நிகழ்ச்சியை எப்படியும் நிரப்பியாக வேண்டும் என்று அவர் பதிலளித்ததாகவும் லபோர் நினைவுகூர்ந்திருக்கிறார்.

பொய்யைப் புனைந்தவரே ஒப்புக்கொண்டும் அது நிற்கவில்லை. ஒன்டாரியோவில் வளர்ந்த பாடகி ஆவ்ரில் லவீன் விஷயத்திலும் இதுவே நிகழ்ந்தது. அவர் இறந்துவிட்டார், மாற்றாள் பாடுகிறார் என்று 2011இல் போர்த்துகீசிய மொழியில் விரிவாக எழுதிய பிரேசில் நாட்டவர், சதிக் கதைகள் எவ்வளவு எளிதில் உண்மைபோலத் தோன்றும் என்று காட்டவே எழுதுவதாகத் தொடக்கத்திலேயே குறிப்பிட்டிருந்தார். அந்தக் குறிப்பு உதிர்ந்துபோனது. கதை உலகைச் சுற்றியது.

சந்தேகப்படுவதே தவறு என்பதல்ல. 2023 நவம்பர் 27ஆம் தேதி, மாவீரர் நாளன்று, விடுதலைப் புலிகளின் தலைவர் பிரபாகரனின் மகள் துவாரகா என்று கூறிக்கொண்ட ஒரு பெண்ணின் காணொளி வெளியானபோது, அது ஆள்மாறாட்டமா, செயற்கை நுண்ணறிவின் வேலையா என்று புலம்பெயர்ந்த தமிழர்களில் பலர் கேட்டனர். நியாயமான கேள்வி அது. இழந்தவர்களுக்காக விளக்கேற்றும் நாளில், அந்த இழப்பை வைத்தே யாரேனும் விளையாடுகிறார்களா என்ற அச்சமும் அதில் இருந்தது.

ஆயினும் இரண்டும் ஒன்றல்ல. காணொளியைச் சந்தேகித்தவர்கள் கேட்டது சான்று. நேரில் சந்திப்பதோ மரபணுப் பரிசோதனையோ அவர்களின் ஐயத்தைத் தீர்த்துவிட முடியும். மெக்கார்ட்னிக்கு அந்த வழி இல்லை. 1969 நவம்பரில் 'லைஃப்' இதழில் அவரது பேட்டி வெளியானது. 2018 செப்டம்பரில் மாண்ட்ரியலின் பெல் சென்டர் அரங்கில் பாடினார். அவர் இறந்துவிட்டதாக நம்புவோருக்கு, அங்கே பாடியவரும் மாற்றாளே.