பெட்டியுடன் வந்த பாடம்

திருவிழாக் காலத்தில் ஆலய மண்டபத்தில் பஜனைக் குழுவினர் அமர்ந்ததும் முதலில் திறக்கப்படுவது ஆர்மோனியப் பெட்டியே. அதனைத் தொன்றுதொட்டு வந்த நம் வாத்தியமாக எண்ணுவோர் உண்டு. வெள்ளைக்காரன் கொண்டு வந்ததென ஒதுக்குவோரும் உண்டு. இரண்டிலும் பாதி உண்மையே இருக்கிறது.

பாரிசில் அலெக்சாந்தர் டெபேன் 1840களின் தொடக்கத்தில் உரிமம் பெற்ற ஆர்மோனியம், நாற்காலியில் அமர்ந்து காலால் துருத்தியை மிதித்து வாசிக்கும் கருவியாகும். சம்மணமிட்டுப் பாடுவோருக்கு அது ஏற்றதன்று. கல்கத்தாவில் 1875ஆம் ஆண்டில் துவார்க்கின் நிறுவனத்தைத் தொடங்கிய துவாரகாநாத் கோஷ், துருத்தியைப் பெட்டியின் பின்புறத்திற்கு மாற்றினார். இடக்கை காற்றூட்ட, வலக்கை கட்டைகளில் ஓடியது. மிதிகட்டைகள் நீங்கவே, பெட்டி ஒருவர் தூக்கிச் செல்லும் அளவினதாயிற்று.

அந்நிறுவனம் கருவி விற்பதோடு நின்றுவிடவில்லை. சத்யஜித் ராயின் பாட்டனாரான உபேந்திரகிஷோர் ராய் சௌத்ரி ஆசிரியர் துணையின்றி ஆர்மோனியம் பயில ஒரு நூல் எழுத, அதனைத் துவார்க்கினே வெளியிட்டது. வங்கப் பாடல்களும் சுரக்குறிப்புடன் அங்கிருந்து அச்சாகி வந்தன. வியாபார நோக்கமும் இருந்திருக்கும்; இருந்தால் என்ன? பெட்டி வாங்கியவருக்கு வாசிக்கவும் வழி கிடைத்தது.

ஆர்மோனியத்தின் குறையை மறைப்பதற்கில்லை. ஒவ்வொரு சுரமும் தனித்தனி உலோக நாக்கிலிருந்து எழுவதால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு இழைந்து செல்லும் கமகம் அதில் பிறக்காது. தாகூர் அதனை வெறுத்தார். அனைத்திந்திய வானொலி 1940 முதல் சுமார் முப்பது ஆண்டுகள் விலக்கியே வைத்திருந்தது. தேவாரம் பயிலும் பிள்ளைகளுக்கு ஓதுவாரின் குரலே வழிகாட்டியாதல் வேண்டும், பெட்டியன்று. எனினும் பலர் கூடிப் பாடும் பஜனையில் குரல்கள் சிதறாமல் ஒரே சுருதியில் நிறுத்த அதற்கு நிகரில்லை.

ஆலயங்களுக்கு வாத்தியங்களை உபயமாக வழங்கும் அன்பர்கள் பெட்டியின்மேல் தம் பெயரைப் பொறிக்கின்றனர், அது பிழையன்று. ஆனால் விழா முடிந்ததும் பெட்டி அலமாரிக்குள் போய்விட்டால், நம் நாட்டு ஈரக்காற்றில் துருத்தியில் பூஞ்சணம் படர நெடுநாள் ஆகாது. உபயத்தின் ஒரு பகுதியை வாரந்தோறும் கற்பிக்கும் ஆசிரியரின் ஊதியத்திற்கென ஒதுக்கலாம். அவ்வாலயத்தில் வழக்கமாகப் பாடப்படும் பாடல்களைச் சுரக்குறிப்புடன் சிறு நூலாக அச்சிட்டு வகுப்புப் பிள்ளைகளுக்கு வழங்கலாம். உபயகாரரின் பெயரை அந்நூலின் முதற்பக்கத்திலும் பொறிக்க இடமுண்டு.