அன்னதான வரிசையில் ஸ்டெம் செல் வியாபாரம் வேண்டாமே

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கோங்க.

போன வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சு சாப்பாடு பரிமாறிக்கிட்டு இருந்தோம். ஒருத்தர் வரிசையில நின்னவங்களுக்கெல்லாம் துண்டறிக்கை கொடுத்துட்டுப் போனார். இனிப்பு நீரால் கெட்டுப்போன ரத்தக் குழாய் ஸ்டெம் செல் ஊசி போட்டால் புதுசா வளருமாம், காலை எடுக்கவே வேண்டாமாம். விலை 18,000 வெள்ளி.

அதைப் படிச்சிட்டு ஒரு அக்கா என்கிட்ட வந்து, "தம்பி, நகையை அடகு வெச்சுக் கட்டலாமா?"ன்னு கேட்டாங்க. வீட்டுக்காரருக்குப் பெருவிரல் கறுத்து ரெண்டு வாரமாச்சாம். இன்னும் ஆஸ்பத்திரிக்குப் போகலை. எனக்குப் பகீர்னு ஆயிடுச்சு.

இந்தச் சிகிச்சை முழுப் பொய்யின்னு நான் சொல்ல வரலை. 2002-லேயே ஜப்பான் டாக்டர்கள் நோயாளியின் எலும்பு மஜ்ஜை செல்களை எடுத்து, ரத்த ஓட்டம் குறைஞ்ச கால் தசையில ஊசியாப் போட்டுப் பார்த்தாங்க. பலன் நம்பிக்கை கொடுத்தது. அப்புறம் நெதர்லாந்தில் 160 பேரை வெச்சு ஒரு சோதனை. பாதிப் பேருக்கு மஜ்ஜை செல், மீதிப் பேருக்கு வெறும் போலி மருந்து, ரெண்டுமே காலுக்குப் போற ரத்தக் குழாய் வழியா. 2015-ல் முடிவு வந்தது: காலை வெட்டுவது குறையவில்லை. இனிப்பு நீர்க்காரர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. குழாயைப் பழுதுபார்க்க வேண்டிய அவங்களோட சொந்த செல்களே எண்ணிக்கையில் குறைஞ்சு, பலவீனமா இருக்கும்.

ஆராய்ச்சி நடக்கட்டும், நல்லது. ஆனா நம்ம நாட்டில் ரத்தப் புற்றுநோய் மாதிரி ரத்த நோய்களுக்குத்தான் ஸ்டெம் செல் மாற்று வழக்கமான சிகிச்சை. இது இன்னும் சோதனைதான். முறையான சோதனைன்னா நெறிமுறைக் குழு அனுமதி இருக்கணும், தேசிய மருத்துவ ஆராய்ச்சிப் பதிவேட்டில் பதிவு இருக்கணும். சோதனை மருந்துக்கு நோயாளிகிட்ட காசு கேட்கக் கூடாது. 18,000 கேட்கிறவர்கிட்ட முதல்ல அந்தப் பதிவு எண்ணைக் கேளுங்க.

"நம்பிக்கையைக் கெடுக்காதீங்க"ன்னு ஒரு பெரியவர் என்னைக் கடிஞ்சார். ஐயா, கறுத்த விரலுக்கு ஒவ்வொரு நாளும் கணக்கு. நகைக்கடைக்கு அலையுற நேரத்துல அடைப்பு எங்கேன்னு ஸ்கேன் எடுத்து, பலூன் வெச்சோ பைபாஸ் செஞ்சோ ரத்தத்தைத் திறந்துவிட முடியுமான்னு பார்க்கலாமே.

2019 சுகாதார ஆய்வில் நம்ம இந்தியர்களில் பெரியவங்க நூற்றுக்கு 31 பேருக்கு இனிப்பு நீர். அதனாலதான் இந்த வியாபாரம் நம்ம கோவிலைத் தேடி வருது. வளாகத்துக்குள் மருத்துவ விளம்பரத்துக்கு அனுமதி தரக் கூடாதுன்னு நிர்வாகத்துக்குக் கடிதம் கொடுத்திருக்கேன். செருப்பு வைக்கிற இடத்துல ஒரு கண்ணாடியும் வைக்கச் சொல்லியிருக்கேன், உள்ளங்காலைப் பார்த்துக்க.

அக்கா வீட்டுக்காரரை அன்னைக்கு ராத்திரியே எமர்ஜென்சிக்குக் கூட்டிட்டுப் போனோம். விரல் போயிடுச்சு. பாதம் இருக்கு.