மூடி திறக்கும் பரிசோதனைப் பெட்டி

பழைய மோட்டார் எஞ்சினைப் பிரித்துப் போட்டு வேண்டிய உதிரிப்பாகத்தைத் தேடி எடுப்பது சிவாஜிநகரில் அன்றாடக் காட்சி. மூடியைக் கழற்றவே கூடாது என்ற நிபந்தனையோடு ஒருவர் வண்டி விற்க வந்தால் இங்குள்ள மெக்கானிக் சிரிப்பார். ஆனால் கல்லூரிப் பரிசோதனைக்கூடங்கள் பல அந்த நிபந்தனைக்கு உட்பட்டுத்தான் மென்பொருள் வாங்குகின்றன.

மின்னழுத்தம், வெப்பம், ஒலி ஆகியவற்றை அளந்து, எண்களாக்கிக் கணினிக்கு அனுப்பும் துறை இது. அமெரிக்காவின் நேஷனல் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் கம்பெனி 1986-ல் வெளியிட்ட 'லேப்வியூ' இத்துறையில் கொடிகட்டிப் பறந்தது. 2023-ல் அந்தக் கம்பெனியையே எமர்சன் நிறுவனம் சுமார் 820 கோடி டாலருக்கு வாங்கிவிட்டது. சரக்கு தரமானதே, மறுப்பதற்கில்லை. ஆனால் அதன் மூல நிரல் மாணவன் கண்ணுக்குத் தெரியாது.

இதற்கு மாற்று நம் நாட்டிலேயே பிறந்தது என்பதைப் பலர் அறியார். டில்லியில் பல்கலைக்கழகங்களுக்குப் பொதுவான முடுக்கி ஆய்வு மையம், 2004-ல் 'ஃபீனிக்ஸ்' என்ற திட்டத்தைத் தொடங்கிற்று. விஞ்ஞானி பி.பி.அஜித்குமாரும் குழுவினரும் உருவாக்கிய 'எக்ஸ்ப்ஐஸ்' என்னும் கையடக்கப் பெட்டி அதன் விளைவு. விலை சில ஆயிரம் ரூபாய்தான். மென்பொருள் பைத்தான் மொழியில் எழுதப்பட்டது. நிரல் மட்டுமல்ல, மின்சுற்றின் வரைபடமும் பகிரங்கம். திரையில் வரும் சொற்களைத் தமிழிலோ கன்னடத்திலோ மாற்ற எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

கம்பிச்சுருளுக்குள் ஒரு காந்தத்தைக் கீழே விழவிட்டால் மின்னழுத்தம் முதலில் ஒரு பக்கமும் அடுத்து எதிர்ப்பக்கமும் பாய்வது திரையில் கோடாக எழும். இரண்டாவது முகடு சற்றே உயரமாக இருக்கும். ஏன்? விழ விழக் காந்தத்தின் வேகம் கூடுகிறதல்லவா! பாரடே விதியை மனப்பாடம் செய்த மாணவன் அதைக் கண்ணால் காணும் தருணம் அது.

குறையும் உண்டு. ப்ளஸ், மைனஸ் 16 வோல்ட் வரைதான் இது அளக்கும். ராடார் செய்யும் ஆலைக்கு இது போதாது. வேலைக்கு ஆள் எடுக்கும் கம்பெனிகள் சில லேப்வியூ தெரியுமா என்றே கேட்கின்றன. பெரிய கல்லூரிகள் இரண்டையும் கற்பிக்கட்டும். ஆனால் சோதனைக் கருவிகளைப் பைத்தான் மூலம் இயக்குவதும் இன்று தொழிற்சாலைகளில் சகஜமாகிவிட்டது, கற்றது வீண்போகாது.

1948-ல் ஐ.டி.ஐ.யும் 1954-ல் பி.இ.எல்.லும் பெங்களூரில் தோன்றின. நம்மவர் குடும்பங்கள் பல அவற்றின் சம்பளத்தில் தலைநிமிர்ந்தன. அன்று வேலையைத் தொழிற்சாலையே கற்றுக்கொடுத்தது. இன்று கற்றுக்கொண்டு வருபவனுக்கே கதவு திறக்கிறது. விலையுயர்ந்த பரிசோதனைக்கூடம் இல்லாத சிறு கல்லூரியில் படிக்கும் தொழிலாளி மகன் என்ன செய்வான்?

அடுத்த கல்வியாண்டுக்குக் கருவிப் பட்டியல் போடும் முன், கல்லூரி முதல்வர்கள் இந்தப் பெட்டியில் ஒன்றையாவது வரவழைத்து மாணவர் கையில் கொடுத்துப் பார்க்கலாம்.